மே லீவுக்கு எங்க போறது? விசா கேக்குற சிங்கப்பூரா, கேக்காத மலேசியா தாய்லாந்தா, பக்கத்துல இருக்குற இலங்கையா

எங்க வீட்டுல ஒரு மாசமா இதே பேச்சுதான். மே லீவுல ஒரு வாரம் வெளிநாடு, மொத்தம் ஆறு பேரு: நானு, வீட்டுக்காரரு, ஆறு வயசு பையன், மாமா, அத்தை, அப்புறம் கொழுந்தன். கொழுந்தன் தாய்லாந்துதான்னு ஒத்தக்கால்ல நிக்கிறான், வீட்டுக்காரருக்கு ஏற்கனவே போன மலேசியாவே போதும், அத்தைக்கு இலங்கையில யாழ்ப்பாணத்துல இருக்குற நல்லூர் கந்தசாமி கோயில் பாக்கணும், எனக்கு சிங்கப்பூர். திருச்சிக்காரங்களுக்கு இது எதுவுமே தூரம் கிடையாது, சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் ராத்திரி சாப்டுட்டு இங்கயே ஃப்ளைட் ஏறலாம், பஸ் புடிச்சு சென்னை போறதுதான் எங்களுக்குப் பெரிய பயணம்.

கேட்டவங்க எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னாங்க, "விசா ஃப்ரீயா இருக்குற ஊரா பாத்துப் போங்க, எதுக்கு வீண் அலைச்சல்"னு. நானும் அப்படித்தான் நெனச்சிட்டு இருந்தேன், 2024ல ஒரு தடவ மலேசியா போய்ட்டு வர்ற வரைக்கும். அதுக்கப்புறம் என் கணக்கு மாறிருச்சு. விசா வேணாம்னு சொல்ற ஊர்ல யாரும் நம்மள கேள்வியே கேக்க மாட்டாங்கன்னு நெனச்சுக்கிறோம்ல, அங்கதான் தப்பு. கேள்வி இருக்கு, ஆனா அது திருச்சியில ஏஜென்ட் டேபிள்ல நடக்காம அங்க கவுன்டர்ல, டிக்கெட்டு ஹோட்டல் எல்லாத்துக்கும் பணம் கட்டி முடிச்ச பிறகு, தூக்கக் கலக்கத்துல, பையன் தோள்ல தூங்கிட்டு இருக்கும்போது நடக்குது.

முதல்ல மலேசியாவையே எடுத்துக்குவோம். 2023 டிசம்பர் 1லேர்ந்து இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா வேணாம்னு சொல்லிட்டாங்க, 30 நாள் வரைக்கும் இருக்கலாம், இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரைக்கும்னு நீட்டிச்சிருக்காங்க. அதனால இந்த மே மாசத்துக்கு கவலை இல்ல, ஆனா அடுத்த பொங்கலுக்குப் போலாம்னு இருக்கறவங்க டிக்கெட் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துக்கங்க. பாஸ்போர்ட்டுல ஆறு மாசம் மிச்சம் இருக்கணும், ரிட்டர்ன் டிக்கெட், ஹோட்டல் புக்கிங், கையில செலவுக்குப் பணம் இதெல்லாம் கேட்டா காட்டணும். அப்புறம் எம்டேக்னு ஒன்னு, டிஜிட்டல் அரைவல் கார்டு, எறங்குற நாளுக்கு முன்னாடி மூணு நாளுக்குள்ள ஆன்லைன்ல ஃபில் பண்ணணும், காசு கிடையாது. காசு கிடையாதுன்னு அழுத்திச் சொல்றேன், ஏன்னா கூகுள்ல தேடினா மேல வர்றதுல பாதி, அச்சு அசலா கவர்மென்ட் சைட் மாதிரியே வச்சுக்கிட்டு தலைக்கு இவ்ளோ டாலர்னு கறக்குற சைட்டுதான்.

பேப்பர்ல பாத்தா அவ்ளோதான், ரொம்ப ஈஸி. நாங்க போனப்ப என்ன ஆச்சுன்னா, எங்களுக்கு முன்னாடி நம்ம ஊர்ப் பசங்க மூணு பேரு நின்னாங்க, இருபத்தி மூணு இருபத்தி நாலு வயசு இருக்கும். ஆபீசர் ஏதோ கேட்டாரு, பசங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாங்க, ஹோட்டல் புக்கிங் யாரு போன்லயோ இருக்கு, அந்த போனு சார்ஜ் இல்லாம ஆஃப் ஆயிருக்கு. பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்கிட்டு பக்கத்துல இருந்த ரூமுக்கு கூட்டிட்டுப் போயிட்டாங்க. நாங்க பெட்டி எடுத்துட்டு வெளிய வர்ற வரைக்கும் அவங்க வரல. உள்ள விடாம திருப்பி அனுப்பறத அங்க நாட் டு லேண்டுன்னு சொல்றாங்க, ஏர்போர்ட்டுலயே உக்கார வச்சு வந்த ஏர்லைன்ஸுலயே திருப்பி ஏத்தி விட்டுருவாங்க. விசா ரிஜெக்ட் ஆனா வீட்டுல உக்காந்து திட்டலாம், இது அப்படி இல்ல.

எங்களுக்கு வேற மாதிரி ஒரு தலைவலி. மாமா துவாக்குடியில லேத் பட்டறையில முப்பது வருஷத்துக்கு மேல டர்னரா இருந்தவரு. கவுன்டர்ல ரெண்டு ஆள்காட்டி விரலையும் வைக்கச் சொல்றாங்க, வச்சா மெஷின்ல ஒன்னுமே விழல, ரேகையெல்லாம் இரும்புலயே தேஞ்சு போச்சு. ஆபீசர் துடைங்கன்னாரு, தொடச்சாரு, அழுத்துங்கன்னாரு, அழுத்தினாரு, பின்னாடி வரிசையில உச்சு கொட்டுறாங்க. அத்தை பையில இருந்த ஈர டிஷ்யூவ எடுத்துக் குடுத்து விரல நல்லா தேச்ச பிறகு ஆறாவதோ ஏழாவதோ தடவ விழுந்துச்சு. ரேஷன் கடையில பொருள் வாங்கப் போனா என்ன கூத்தோ அதே கூத்து. வீட்டுல வயசானவங்க, கை வேலை பாத்தவங்க இருந்தா பையில கொஞ்சம் மாய்ஸ்சரைசர் வச்சுக்கங்க, எந்த நாட்டுக்குப் போனாலும் இது உதவும், ஏன்னா சிங்கப்பூர்லயும் தாய்லாந்துலயும் விரல் ரேகை எடுக்கத்தான் செய்றாங்க.

தாய்லாந்தும் பேப்பர்ல பாத்தா மலேசியாவ விட தாராளம். 2023 நவம்பர்ல 30 நாள்னு ஆரம்பிச்சு 2024 ஜூலை 15லேர்ந்து 60 நாள்னு ஆக்குனாங்க, இவ்ளோ நாள் எதுக்குன்னு குறைக்கணும்னு 2025லயே அங்க பேச்சு வந்துருச்சு, அதனால இந்த 60அ கல்வெட்டு மாதிரி நம்பிட்டு இருக்காதீங்க, டிக்கெட் எடுக்குற அன்னிக்கு தூதரக சைட்ட ஒரு தடவ பாருங்க. 2025 மே 1லேர்ந்து அவங்களும் டிடேக்னு டிஜிட்டல் அரைவல் கார்டு கொண்டு வந்துட்டாங்க, இதுவும் மூணு நாளுக்குள்ள, இதுவும் இலவசம், இதுக்கும் போலி சைட்டு நிறைய. செலவுக்குப் பணம் இருக்கான்னு கேட்டா ஆளுக்கு 20,000 பாட், குடும்பத்துக்கு 40,000 பாட் காட்டணும்னு விதி இருக்கு, எல்லாரையும் கேக்க மாட்டாங்க, ஆனா கேக்கலாம்.

கொழுந்தன் விஷயத்துலதான் எனக்குத் தயக்கமே. அவனுக்கு 24 வயசு, வேலை தேடிட்டு இருக்கான், முதல் வெளிநாட்டுப் பயணம், பாஸ்போர்ட்டுல ஒரு முத்திரை கிடையாது. தாய்லாந்துல டேட்டா என்ட்ரி வேலைன்னு சொல்லி டூரிஸ்டா கூட்டிட்டுப் போயி அங்கேர்ந்து மியான்மர்ல மியாவாடி பக்கம் கடத்திட்டு ஆன்லைன் மோசடி கும்பல் கிட்ட மாட்டி விட்ட கதை 2022லேர்ந்து நம்ம பசங்களுக்கே நடந்திருக்கு, பேப்பர்லயும் டிவியிலயும் வந்துச்சு, அரசாங்கம் மீட்டுட்டு வந்துச்சு. அதனால சின்ன வயசுப் பசங்க தனியா பாங்காக் டிக்கெட்டோட நின்னா நம்ம ஊரு இமிக்ரேஷன்லயே ரெண்டு கேள்வி கூட கேக்குறாங்க. எனக்கு அதுல கோபம் இல்ல, கேக்கட்டும். குடும்பத்தோட போனா பெருசா பிரச்சனை வராது, ஆனா அவன் "அண்ணி, நீங்க எல்லாம் அஞ்சு நாள்ல திரும்பிருங்க, நான் ரெண்டு நாள் கூட இருந்துட்டு வர்றேன்"ங்கறான், அங்கதான் இடிக்குது.

இதே இடத்துல ஈசிஆர் பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா பாதிப் பேரு இதுல பயந்துட்டே இருக்காங்க. பத்தாவது பாஸ் பண்ணாதவங்க பாஸ்போர்ட்டுல ஈசிஆர்னு போட்டிருப்பாங்க, எமிக்ரேஷன் செக் ரெக்வயர்ட், அதாவது வேலைக்கு வெளிநாடு போறதுக்கு முன்னாடி அரசாங்க அனுமதி வாங்கணும்னு அர்த்தம், அத்தை எட்டாவது வரைக்கும்தான், பாஸ்போர்ட் எடுத்தப்ப வயசு 44, அதனால அவங்களுதுல இருக்கு. இது 18 நாட்டுக்கு வேலைக்குப் போறப்பத்தான் பிரச்சனை, அந்த லிஸ்டுல மலேசியாவும் இருக்கு தாய்லாந்தும் இருக்கு, சிங்கப்பூர் இல்ல. சுத்திப் பாக்கப் போறதுக்கு தனி அனுமதி எதுவும் தேவையில்ல. ஆனா நம்ம ஊரு இமிக்ரேஷன் கவுன்டர்ல அந்த முத்திரைய பாத்ததும் ரிட்டர்ன் டிக்கெட் எங்க, யார் கூட போறீங்கன்னு கேப்பாங்க, போன தடவ அத்தைய கேட்டாங்க, அவங்க "எம்புள்ள கூடத்தான் போறேன், பின்ன யாரு கூட"ன்னு சொன்ன வேகத்துக்கு கவுன்டர்ல இருந்த ஆபீசரம்மா சிரிச்சிட்டு முத்திரை குத்திட்டாங்க. 50 வயசு தாண்டினா ஈசிஆர் தேவையில்லைங்கறதால அடுத்த தடவ பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது அது தானா போயிரும், அதுக்குன்னு இப்ப ஓட வேணாம்.

சரி சிங்கப்பூர். இங்க விசா வேணும், தப்பிக்க முடியாது. நாமளே நேரா தூதரகத்துல போயி நிக்கிறதெல்லாம் இல்ல, அவங்க அங்கீகாரம் குடுத்த ஏஜென்ட் மூலமாத்தான், இல்லன்னா அங்க இருக்குற சொந்தக்காரங்க யாராவது சிங்பாஸ்ங்கற அந்த ஊரு அரசாங்க லாகின் வச்சு ஆன்லைன்ல போடலாம். ஃபார்ம் 14ஏங்கற விசா விண்ணப்பம், போட்டோ, பாஸ்போர்ட் காப்பி, டிக்கெட், ஹோட்டல், ஒரு கவரிங் லெட்டர், ஏஜென்ட்ட பொறுத்து பேங்க் ஸ்டேட்மென்ட். ஃபீஸ் ஆளுக்கு 30 சிங்கப்பூர் டாலர், குழந்தைக்கும் அதே, விசா குடுத்தாலும் குடுக்கலைன்னாலும் திரும்ப வராது. ஆறு பேருக்கு 180 டாலர், நம்ம காசுக்கு 12,000க்கு மேல வருது, மேல ஏஜென்ட் சார்ஜ். வீட்டுக்காரரு இந்த இடத்துலதான் "இந்தக் காசுக்கு கோலாலம்பூர்ல ஒரு நாள் ரூம் வாடகையே முடிஞ்சிரும்"னு கால்குலேட்டர எடுக்கறாரு. நான் சொன்னது ஒன்னுதான், ரிஜெக்ட் ஆனா இந்தப் பன்னெண்டாயிரத்தோட போச்சு, ஏர்போர்ட்டுல திரும்பினா ஆறு டிக்கெட்டு, ஹோட்டலு, மாமாவோட பிரஷரு எல்லாம் சேந்து போகும்.

விசா வந்துட்டாலே கேள்வி கேக்காம விட்டுருவாங்கன்னு சொல்ல வரல, அங்கயும் கவுன்டர் ஆபீசர் முடிவுதான் கடைசி. ஆனா முக்காவாசி அலசல் முன்னாடியே முடிஞ்சிருது. இன்னொன்னு, 2026 ஜனவரி 30லேர்ந்து சிங்கப்பூர்க்காரங்க, உள்ள விட மாட்டோம்னு முடிவு பண்ணின ஆளுங்கள ஃப்ளைட்டுலயே ஏத்தாதீங்கன்னு ஏர்லைன்ஸுக்கு முன்கூட்டியே சொல்ற முறைய கொண்டு வந்துட்டாங்க. கேக்க கடுமையாத்தான் இருக்கு, ஆனா யோசிச்சுப் பாத்தா நமக்கு அது நல்லதுதான், திருப்பி அனுப்பறதா இருந்தா திருச்சியிலயே நிறுத்துங்க, ஆட்டோ புடிச்சு வீட்டுக்குப் போயிருவோம்.

போட்டோ விஷயத்த லேசா நெனைக்காதீங்க. 35க்கு 45 மில்லிமீட்டர், வெள்ளை பேக்ரவுண்டு, மூணு மாசத்துக்குள்ள எடுத்தது. மாமா எப்பவுமே வெள்ளை சட்டைதான், பீரோ முழுக்க வேற கலரே கிடையாது. பக்கத்து ஸ்டுடியோல போயி வெள்ளைத் திரை முன்னாடி உக்காந்தாரு, படத்துல தோளே காணோம், தலை மட்டும் தனியா மிதக்குது. ஸ்டுடியோ தம்பி இதுக்குன்னே ஆணியில ஒரு கட்டம் போட்ட சட்டை மாட்டி வச்சிருக்கான், எத்தன பேரு போட்டுக் கழட்டினதோ, காலர் அழுக்கு பளபளன்னு இருக்கு. மாமா மூக்க சுளிச்சுக்கிட்டே போட்டு எடுத்துக்கிட்டாரு.

விசா தாள்ல போட்டிருக்குற தேதிக்கும் அங்க தங்குற நாளுக்கும் சம்பந்தம் இல்ல, இதுல நிறைய பேரு குழம்பறாங்க. விசா ரெண்டு வருஷத்துக்கு மல்டிபிள் என்ட்ரின்னு கூட வரும், அதுக்காக ரெண்டு வருஷம் இருக்கலாம்னு இல்ல, எத்தன நாள்ங்கறது உள்ள போகும்போது குடுக்குறது, முத்திரை கிடையாது, மெயில்ல வரும், அத தொறந்து பாருங்க. எஸ்ஜி அரைவல் கார்டும் மூணு நாளுக்குள்ள போடணும், இலவசம், அது விசா கிடையாது, அரைவல் கார்டு போட்டாச்சு விசா எதுக்குன்னு ஒருத்தர் கேட்டாரு அதனால சொல்றேன்.

சிங்கப்பூர்னா பெட்டிய அத்தை கிட்ட விடக் கூடாது. கசகசா அங்க போதைப்பொருள் துறை தடை பண்ணின ஐட்டம், நாம குருமாவுக்கு அரைச்சு ஊத்துறது அங்க கேஸ். வீட்டுல அரைச்ச மசாலாப் பொடியில கசகசா சேத்திருந்தா அதையும் விட்டுருங்க. சூயிங் கம் வேணாம், மெல்லுற புகையிலை ஹான்ஸ் மாதிரி எதுவும் கூடவே கூடாது, சிகரெட்டு ஒரு பாக்கெட்டா இருந்தாலும் டியூட்டி கட்டணும், வேப்புங்கற இ-சிகரெட்டு சிங்கப்பூர்லயும் தடை தாய்லாந்துலயும் தடை. மாத்திரைய ஸ்ட்ரிப்போட, டாக்டர் சீட்டோட வைங்க.

சிங்கப்பூரும் மலேசியாவும் சேத்துப் பாக்கலாமேன்னு வீட்டுக்காரரு சமரசத்துக்கு வந்தாரு. முடியும், உட்லண்ட்ஸ்லேர்ந்து ஜோகூர் பாலம் ஒரு கிலோமீட்டர்தான். ஆனா பஸ்ஸுல போனா இந்தப் பக்கம் ஒரு தடவ பெட்டியோட எறங்கி வரிசை, பாலம் தாண்டி அந்தப் பக்கம் மறுபடி பெட்டியோட எறங்கி வரிசை, லீவு நாள்ல அங்க கூட்டம் நம்ம சமயபுரம் பூச்சொரிதல் மாதிரி இருக்கும், மாமா முட்டிக்கு அது ஆகாது. திரும்பி சிங்கப்பூருக்குள்ள வர்றதுக்கு மல்டிபிள் என்ட்ரி விசாவா இருக்கணும், சிங்கிள் என்ட்ரி வந்திருந்தா கதை அதோட முடிஞ்சுது, அரைவல் கார்டும் ஒவ்வொரு தடவ நுழையறப்பவும் புதுசா போடணும். விசா கையில வந்து என்ன என்ட்ரின்னு பாத்துட்டு ஜோகூர் ஹோட்டல் போடுங்க, அதுக்கு முன்னாடி வேணாம்.

இலங்கைக்கு நான் சுருக்கமா சொல்லிடறேன். அத்தை ஆசைக்கு ஏத்த ஊரு, பாஷை பிரச்சனை இல்ல, நாகப்பட்டினத்துலேர்ந்து காங்கேசன்துறைக்கு கப்பல் 2023 அக்டோபர்ல ஆரம்பிச்சு நின்னு, 2024 ஆகஸ்டுல மறுபடி ஓட ஆரம்பிச்சிருக்கு, மழைக் காலத்துல கடல் சரியில்லன்னா நிறுத்திருவாங்க. ஈடிஏன்னு பயண அனுமதி ஒன்னு ஆன்லைன்ல எடுத்துக்கலாம், 30 நாள். ஆனா ஃபீஸ் விஷயம்தான் ஒரு நிலையில நிக்க மாட்டேங்குது. 2023 நவம்பர்லேர்ந்து 2024 மார்ச் வரைக்கும் இந்தியா உள்பட ஏழு நாட்டுக்கு இலவசம்னாங்க, அப்புறம் ஒரு தனியார் கம்பெனி கிட்ட விசா வேலைய குடுத்தாங்க, அங்க பெரிய ரகளை ஆயி 2024 ஆகஸ்டுல சுப்ரீம் கோர்ட்டு நிறுத்தி வச்சு பழைய ஈடிஏவுக்கே திரும்பினாங்க. கிளம்பறதுக்கு முந்தின வாரம் அவங்க சைட்டுல என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு, போன வருஷம் போயிட்டு வந்தவங்க சொல்றத கேக்காதீங்க. பணம் கம்மியா இருந்தா இந்த நாலுல நான் இலங்கைக்குத்தான் ஓட்டு போடுவேன், ஆனா நல்லூர் திருவிழா ஆடி ஆவணியிலதான வரும், மே மாசம் போயி அத்தைக்கு பாதி திருப்திதான் கிடைக்கும், திருவிழாவுக்கு அவங்கள தனியா கூட்டிட்டுப் போறதா வாக்கு குடுத்திருக்கேன்.

நாலு ஊருக்கும் பொதுவா நம்மாளுங்களுக்குன்னே ஒரு தொல்லை இருக்கு, இனிஷியல். அத்தை பேரு பாஸ்போர்ட்டுல கிவன் நேம்ல மட்டும் இருக்கு, சர்நேம் கட்டம் காலி. எந்த ஃபார்ம தொறந்தாலும் சர்நேம் இல்லாம அடுத்த பக்கம் போக மாட்டேங்குது. ஏர்லைன்ஸ் சைட்டுல ஒருத்தன் அதே பேர ரெண்டு தடவ போடுங்கறான், இன்னொருத்தன் எஃப்என்யூன்னு, அதாவது ஃபர்ஸ்ட் நேம் அன்னோன்னு போடுங்கறான், அதனால டிக்கெட் போடறதுக்கு முன்னாடி அந்தந்த ஏர்லைன்ஸ் சைட்டுல என்ன சொல்லியிருக்குன்னு பாத்துருங்க, விசாவுல பாஸ்போர்ட்டுல எப்படியோ அப்படியே. துபாய் பக்கம் போறவங்க இதுல இன்னும் உஷாரா இருக்கணும், 2022 நவம்பர்லேர்ந்து ஒத்தப் பேரு மட்டும் இருக்குற பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா இல்லன்னுட்டாங்க, அப்புறம் ரெண்டாவது பக்கத்துல அப்பா பேரோ குடும்பப் பேரோ இருந்தா சரின்னாங்க. அப்பா பேரோட முதல் எழுத்த முன்னாடி போட்டு காலம் தள்ளின கூட்டம் நாம, இதுக்கு இவ்ளோ அலைவோம்னு யாரு கண்டா.

எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சு வீட்டுல சிங்கப்பூர்னு முடிவாச்சு. கொழுந்தன் மூஞ்சிய தூக்கி வச்சிருக்கான், அவன் தனியா போறதா இருந்தா தாய்லாந்து தப்பான சாய்ஸ் இல்ல, முதல்ல எங்களோட வந்து பாஸ்போர்ட்டுல ஒரு பயணம் ஏறட்டும், அடுத்தது ஃப்ரெண்ட்ஸோட போகட்டும்னு சொல்லியிருக்கேன். நானே ரெண்டு பேரு மட்டும் போறதா இருந்தா யோசிக்காம கோலாலம்பூர் போட்டிருப்பேன், ஆறு பேரு, அதுல ரெண்டு பேருக்கு கவுன்டர்ல இங்கிலீஷ்ல பதில் சொல்ல வராதுங்கறப்போ எனக்கு முன்னாடியே கையில ஒரு தாள் இருக்கணும்.

சந்தோஷமா ஏஜென்ட் கிட்ட எல்லா பாஸ்போர்ட்டையும் குடுத்தேன், அவரு அஞ்ச எடுத்து ஒரு பக்கமா வச்சாரு, பையனுத மட்டும் என் பக்கம் தள்ளினாரு. குழந்தைங்க பாஸ்போர்ட்டுக்கு அஞ்சு வருஷம்தான் ஆயுசு, ஒன்றரை வயசுல எடுத்தது, செப்டம்பரோட முடியுது, மே மாசம் போனா ஆறு மாசம் மிச்சம் இல்ல. நாலு நாட்டு ரூல்ஸையும் ராத்திரி உக்காந்து படிச்சவ பையனோட பாஸ்போர்ட்ட பிரிச்சுப் பாக்கல. இப்ப 1,000 ரூபா கட்டி, நானும் வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்ட அனெக்ஷர் டிங்கற பெத்தவங்க சம்மதப் படிவத்தோட அப்பாயின்ட்மென்ட் எடுத்திருக்கோம், புது நம்பர் வந்த பிறகுதான் விசாவுக்குப் போட முடியும். வியாழக்கிழமை காலையில பத்தே காலுக்கு. முன்பல்லு ரெண்டும் விழுந்து கெடக்கு, கேமராவ பாத்தா சிரிப்பான், வாய மூடிட்டு உக்கார்றதுக்கு அவங்க தாத்தா திண்ணையில வச்சு ட்ரெயினிங் குடுத்துட்டு இருக்காரு.